வலக்கைக்கும் மூன்று காலம் வேண்டும்

தேர்வுக் காலம் நெருங்கும்போது கிட்டார் ஆசிரியர்கள் நமக்கு எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "பையன் ஸ்கேலைச் சுத்தமாக வாசிக்கிறான், வேகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. மெட்ரோனோமை 60-இல் தொடங்கி நாலு நாலாக ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் விரல் கட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?" இடக்கையைப் பற்றி இப்படி யாரும் அதிகம் கேட்பதில்லை. சிக்கிக்கொள்வது வலக்கைதான்.

'அவசரப்படாதே, இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று' என்பதே நம்மில் பலர் இதற்குச் சொல்லிவரும் பதில். அந்தப் பதிலை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த உரை. வேகத்தைப் பயிற்சியின் கடைசிப் படியில் வைக்கக் கூடாது. முதல் மாதத்திலிருந்தே, சிறு சிறு அளவில், மெதுவான வாசிப்போடு சேர்த்தே கற்றுத்தர வேண்டும். அதற்கான வழி நம் ஊர் வீணை வகுப்பில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. கிட்டார் வகுப்புக்குள் அதை நாம் இன்னும் முறையாக அழைத்து வரவில்லை.

திருவண்ணாமலையிலிருந்து எழுதுவதால் கிரிவலப் பாதையை வைத்தே சொல்கிறேன். அந்த 14 கிலோமீட்டரை ஒருவர் பௌர்ணமிதோறும் முன்னைவிடச் சற்று விரைவாக நடந்து பழகலாம். அப்படியே நடையை விரைவுபடுத்திக்கொண்டே போனால் அது ஓட்டமாகிவிடாது. ஓட்டத்தில் இரண்டு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும். உடல் வேறு விதமாக இயங்கும். ஓடக் கற்க வேண்டுமானால், பத்தடியாவது ஓடித்தான் பார்க்க வேண்டும்.

விரலிலும் அதுவே நடக்கிறது. மெதுவாக வாசிக்கும்போது சுட்டுவிரல் தந்தியை மீட்டிவிட்டு, உள்ளங்கைப் பக்கம் போய், அங்கே கொஞ்சம் இறுகி நின்று, பிறகு நிதானமாகத் திரும்பி வரலாம். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகினாலும் காதுக்குத் தெரியாது. நேரம் நிறைய இருப்பதால் அந்தப் பிழை ஒளிந்துகொள்கிறது. வேகம் கூடும்போது அதே இரண்டு தசைகளும் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்கின்றன, விரல் கட்டிக்கொள்கிறது. மாதக்கணக்கில் மெதுவாக வாசித்ததில் அந்த இறுக்கமும் சேர்ந்தே பழகியிருக்கும்.

ஆகவே மெதுவான பயிற்சியில் மெதுவாக இருக்க வேண்டியது தாளம் மட்டுமே. விரலின் அசைவு அப்போதும் சட்டென்று நிகழ வேண்டும்: மீட்டியவுடன் தளர வேண்டும், தளர்ந்த நிலையில் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். மெதுவான முதல் காலத்தில் காத்திருப்பு நீளம், விரைவான மூன்றாம் காலத்தில் காத்திருப்பு குறைவு. அசைவு இரண்டிலும் ஒன்றே. வலக்கை வேகத்தைப் பற்றி மாணவருக்கு ஒன்றே ஒன்று சொல்ல முடியுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் இங்கே ஒரு மாணவி வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை மட்டும் கவனித்தேன். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி ஸ்கேல் வாசித்தன. தாளம் ஏற ஏற, வேலையே இல்லாத சுண்டுவிரல் மெல்ல நிமிர்ந்து, விறைத்து, தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. ஒலியில் தடுமாற்றம் வந்தது அதற்குப் பிறகுதான். "சுண்டுவிரலை மடக்கு" என்று சொன்னால் அவர் அதையும் இறுக்கித்தான் மடக்குவார். அதனால் தாளத்தைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு மீட்டுக்குப் பின்னும் கை முழுவதும் தளர்ந்ததா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். சில நிமிடங்களில் சுண்டுவிரல் தானாகவே மற்ற விரல்களோடு சேர்ந்துகொண்டது. நம் வகுப்பில் காதுக்கு முன்பே கண்ணுக்குப் புலப்படும் எச்சரிக்கை இது. இதைப் பார்த்த உடனே மெட்ரோனோமை நிறுத்த வேண்டும். இறுக்கத்தோடு ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தி வாசிப்பது எங்கு போய் முடியும் என்ற அச்சம் நமக்கு இருக்க வேண்டும். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டேவிட் லைஸ்னருக்கு, விரல்கள் தம் கட்டுப்பாட்டை இழக்கும் டிஸ்டோனியா என்ற சிக்கலால் பல ஆண்டுகள் மேடையை விட்டு விலக நேர்ந்தது. தோள், மேற்கை ஆகியவற்றின் பெரிய தசைகளிலிருந்து வாசிப்பைப் புதிதாகக் கட்டியெழுப்பித்தான் அவர் மீண்டும் மேடைக்கு வந்தார்.

வேகம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாரெகாவின் டிரெமலோ படைப்பான 'ரெக்குயெர்தோஸ் தெ லா அல்ஹம்ப்ரா' என்றாலே மாணவர்களுக்கு மலைப்பு. நிமிடத்துக்கு 70 அடி வைத்து வாசித்தால், அடிக்கு 8 ஸ்வரம், நிமிடத்துக்கு 560. கேட்கவே மூச்சு முட்டுகிறது. ஆனால் கட்டைவிரல், மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் என நான்கும் முறைவைத்து வருவதால், ஒவ்வொரு விரலும் நிமிடத்துக்கு 140 முறைதான் மீட்டுகிறது. நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்றே கூடுதல். அந்த அளவுக்கு ஒற்றை விரலை அசைக்க எந்த மாணவராலும் முடியும். மாறாக, 120 அடியில் அடிக்கு 4 ஸ்வரமாக ஒரு ஸ்கேலை இரண்டே விரலால் வாசித்தால், ஒவ்வொரு விரலும் நிமிடத்துக்கு 240 முறை வேலை செய்தாக வேண்டும். டிரெமலோவைவிட ஸ்கேல்தான் விரலிடம் அதிகம் கேட்கிறது. நார்சிசோ யெப்பெஸ் ஸ்கேலுக்கு மோதிரவிரலையும் சேர்த்து மூன்று விரல்களைப் பயன்படுத்தியதன் பயன் இந்தக் கணக்கில் விளங்கும். டிரெமலோ ஓடவில்லையென்றால் விரலின் வேகத்தைக் குறை சொல்லாமல், ஒரு விரல் முடிக்கும் இடத்தில் அடுத்தது தயாராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி நம் வீட்டுச் சொத்துக்கு வருவோம். சரளி வரிசை கற்கும் குழந்தைக்கு ஆசிரியர் மெட்ரோனோமை 60, 64, 68 என்று ஏற்றுவதில்லை. தாளம் போடும் கை ஒரே நடையில் இருக்க, முதல் காலத்தில் அடிக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. இடைப்பட்ட படிகளே இல்லை. வேகம் இரட்டித்தே தீர வேண்டும் என்பதால், மெதுவான காலத்தில் ஒளிந்திருந்த இறுக்கம் அன்றைக்கே வெளிப்பட்டுவிடுகிறது. அதோடு, எத்தனை விரைந்தாலும் திரும்பி வர ஒரு நிலையான அடி இருக்கிறது என்ற தெம்பும் குழந்தைக்குக் கிடைக்கிறது.

இந்த ஊரோடு பிணைந்த ஒரு சான்றும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) வைணிகர். பஞ்சபூதத் தலங்களைப் பாடியபோது அக்கினித் தலமான அண்ணாமலைக்கு அவர் செய்தது சாரங்க ராகத்தில் 'அருணாசலநாதம்'. அவருடைய கிருதிகளுக்கே உரிய மத்திமகாலப் பகுதி இதிலும் வருகிறது. தாளம் நகராமல் இருக்க, சாகித்யம் இரட்டை வேகத்தில் ஓடி முடிகிறது. வீணையில் இதை வாசிப்பவர் அந்த இடத்தில் கையை முடுக்குவதில்லை, காத்திருப்பைப் பாதியாக்குகிறார். சென்னைக் கோட்டையின் ஆங்கிலேய பாண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வரங்கள் செய்த அதே தீட்சிதரிடமிருந்து, மேற்கத்திய வாத்தியம் பழகும் நாம் எடுத்துக்கொள்ளக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கிட்டார் வகுப்பில் இதைச் செய்யும் விதம் எளிது. மெட்ரோனோம் 60-இல் நிற்கட்டும். முதல் தந்தியைத் திறந்தபடி வைத்து, சுட்டுவிரல், நடுவிரல் மாறி மாறி, அடிக்கு ஒன்றாக ஓர் ஆதி தாள ஆவர்த்தனம், அடிக்கு இரண்டாக ஓர் ஆவர்த்தனம். மூன்றாம் காலத்தில் மட்டும் முழு ஆவர்த்தனம் வேண்டாம். ஓர் அடிக்கு நான்கு ஸ்வரம் ஓடி, அடுத்த அடியில் ஐந்தாவதாக ஒன்றில் இறங்கி நிற்கட்டும். பிறகு மூன்று அடி ஓய்வு. அந்த ஓய்வில் கை தளர்ந்துவிட்டதா என்று பார்க்கட்டும். இது சுத்தமாக வந்தபின் இரண்டு அடி ஓட்டம், பிறகு நான்கு அடி. நீட்ட வேண்டியது ஓட்டத்தின் நீளத்தை. வாரம் முழுக்க அடி 60-ஐ விட்டு அசையாமல் இருந்தாலும் மாணவர் வேகமாக வாசிக்கக் கற்றுக்கொண்டிருப்பார்.

ஆர்பெஜ்ஜியோவுக்கு ஜூலியானியின் ஓபஸ் 1-இல் உள்ள 120 வலக்கைப் பயிற்சிகளே போதும். 1812-இல் வியன்னாவில் வெளிவந்த அந்தத் தொகுப்பில் இடக்கைக்கு சி, ஜி7 என இரண்டே கார்டு. கவனம் முழுவதும் வலக்கைக்குக் கிடைக்கிறது. கார்காசியின் ஓபஸ் 60-இல் முதல் பயிற்சியை ஸ்கேலுக்கும், ஏழாவதை டிரெமலோவுக்கு முன்னோட்டமாகவும் இப்படியே மூன்று காலமாகப் பிரிக்கலாம்.

அடுத்தது, அருணகிரிநாதர் நமக்கு விட்டுச்சென்ற சந்தம். திருவண்ணாமலைக் கோயிலோடு பிரிக்க முடியாதபடி பிணைந்த அவருடைய திருப்புகழில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சந்தக் குழிப்பு உண்டு. அந்தத் தத்தகாரத்தில் வலக்கைக்கான நுட்பமான பாடம் இருக்கிறது. 'தத்த', 'தந்த', 'தான' என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் சந்த அளவு ஒன்றே: இரண்டும் ஒன்றுமாக மூன்று மாத்திரை. மாறுவது நடுவில் நிகழ்வது. 'தத்த' என்னும்போது வல்லொற்று ஒலியை அடைக்கிறது. கிட்டாரில் சுட்டுவிரல் மீட்டிய உடனே நடுவிரல் தந்தியில் வந்து அமர்ந்து ஒலியை நிறுத்தட்டும், பிறகு மீட்டட்டும். 'தந்த' என்னும்போது மெல்லொற்று ஒலியை இழுத்துச் செல்கிறது. நடுவிரல் கடைசி நொடியில்தான் தந்தியைத் தொட வேண்டும். 'தான' என்னும்போது இடையில் எந்தத் தொடுதலும் தெரியாமல் ஒலி முழுதாக நீள வேண்டும்.

இந்த மூன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். 'தத்த' பழகிய விரல் முன்கூட்டியே தந்தியில் போய் அமரக் கற்றுவிட்டது. வேகத்தின் பாதி அந்தத் தயார்நிலைதான். 'தந்த'வும் 'தான'வும் அந்த விரலுக்கு ஒலியைக் கெடுக்காமல் பொறுத்திருக்கக் கற்றுத்தரும். அடுத்து 'தனன தனன' என்று மூன்று குறிலாக வாசிக்கும்போது, இரு விரல் மாறி வருவதால் முதல் மூன்றின் அழுத்தம் சுட்டுவிரலில் விழுந்தால் அடுத்த மூன்றின் அழுத்தம் நடுவிரலில் விழும். பலம் குறைந்த விரல் ஒளிந்துகொள்ள முடியாது. இதையே மூன்று காலத்திலும் செய்தால் தனியாக வேறு பயிற்சிப் புத்தகம் தேட வேண்டிய அவசியம் குறையும்.

தந்தி மாறும் இடங்கள் தனிக் கவனம் கேட்கும். மெல்லிய தந்திக்கு நகரும்போது நடுவிரலும், தடித்த தந்திக்கு நகரும்போது சுட்டுவிரலும் முதலில் விழுந்தால் கைக்கு இயல்பு. எதிர்மாறாக விழும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து ஐந்து ஸ்வர ஓட்டமாகப் பழக்கலாம். விரலை நீட்டி எட்டாமல், முழங்கையிலிருந்து முன்கை முழுவதும் சற்று நகர வேண்டும். நகத்தைப் பற்றிய வாதம் பழையது. சோர் நகமின்றியும், அவருடைய நண்பர் அகுவாதோ நகத்தோடும் வாசித்தார்கள். நம் வைணிகர்களிலும் மிஸ்ராப் அணிபவரும் உண்டு, அணியாதவரும் உண்டு. எதுவானாலும் விளிம்பு வழவழப்பாக இருக்கட்டும். நகம் தண்ணீரில் ஊறினால் மெத்தென்றாகிவிடும் என்பதால், குளித்த கையோடு வாசிக்க உட்கார வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லி வையுங்கள்.

நம்மிடம் வரும் பிள்ளைகளில் பலர் 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் இளையராஜா அமைத்த கிட்டார் ஒலியைக் கேட்டுத்தான் இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தவர்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்விலும் தேறியவர் அவர். தேர்வுப் பாடத்திட்டத்தில் ஸ்கேலுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் போட்டிருக்கும். அதை எட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணையே வகுப்பின் இலக்காக்கினால் பிள்ளை எண்ணை எட்டுவதற்காகக் கையை இறுக்கும். மூன்று காலமும் சந்தமும் பழகிய கைக்கு அந்த எண் தானாக வந்துவிடும்; தேர்வு முடிந்த பின்னும் அந்த வேகம் கூடவே இருக்கும்.

ஆசிரிய நண்பர்களே, வரும் மூன்று மாதத்துக்கு உங்கள் வகுப்பில் இரண்டு மாணவர்களுக்காவது இப்படிச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை, ஒரே அடியில் மூன்று காலத்தையும் பதிவு செய்து அனுப்புங்கள். எந்தச் சந்தத்தில் கை அவிழ்ந்தது, எந்த இடத்தில் அவிழவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பலித்தவை, பலிக்காதவை இரண்டையும் இந்த இதழ் வெளியிடும். தமிழில் கிட்டார் சொல்லித்தருபவர்களுக்கென்று வலக்கைப் பாடத்திட்டம் ஒன்றை நாம்தான் சேர்ந்து எழுதியாக வேண்டும். அதன் முதல் பக்கங்கள் உங்கள் வகுப்பறைகளிலிருந்து வரட்டும்.