படம் எடுக்கும் அறைக்கு ஒரு விஞ்ஞானி வேண்டும்

2018 ஆகஸ்டில் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையும் டீப்மைண்ட் நிறுவனமும் சேர்ந்து ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டன. விழித்திரையை ஒளியால் அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன்கள் 14,884-ஐக் கொண்டு பயிற்றுவித்த மென்பொருள், எந்த நோயாளியை உடனே சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று விழித்திரை நிபுணர்களுக்கு இணையாகச் சொன்னது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு மேல் சரியான தீர்ப்பு. தவறு வெறும் 5.5 சதவீதம். உலகமெங்கும் பத்திரிகைகள் இந்த எண்ணைப் பெரிதாகப் போட்டன. அதே மென்பொருளிடம் வேறொரு நிறுவனத்தின் கருவியில் எடுத்த ஸ்கேன்களைக் கொடுத்தபோது தவறு 46.6 சதவீதத்துக்கு எகிறியது என்ற தகவலுக்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை. நோய்கள் மாறவில்லை, மென்பொருள் மாறவில்லை. கருவி மட்டும்தான் மாறியிருந்தது.

அந்த ஆய்வைக் காப்பாற்றியது, மென்பொருளை இரண்டாகப் பிரித்துக் கட்டியிருந்த யோசனை. முதல் பகுதி ஸ்கேனைப் பார்த்து விழித்திரையின் அடுக்குகளையும் நீர்க்கோப்பையும் வரைபடமாகத் தீட்டும். இரண்டாவது பகுதி அந்த வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லும். புதிய கருவிக்கு முதல் பகுதியை மட்டும் மறுபடி பழக்கினார்கள், தவறு 3.4 சதவீதத்துக்கு இறங்கியது. ஒவ்வொரு கருவியும் ஒரே கண்ணை ஒவ்வொரு விதமாகப் படம் பிடிக்கும் என்பதை அன்றாடம் பார்த்துப் பழகியவர்களிடமிருந்துதான் இப்படியொரு யோசனை பிறக்கும். கண் படவியல் ஆராய்ச்சியாளர்கள் அப்படிப்பட்டவர்கள். அவர்கள் சிகிச்சை தரும் மருத்துவர்களும் அல்ல, கருவி விற்கும் பொறியாளர்களும் அல்ல. நம் கண் மருத்துவமனைகளில் அவர்களுக்கு நிலையான ஓர் இருக்கை போட வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஓசிடி பிறந்த கதையே இதற்குச் சான்று. கண்ணாடி இழைக் கேபிளில் பழுது எங்கே இருக்கிறது என்று ஒளியை அனுப்பிக் கண்டுபிடிக்கும் முறை தொலைத்தொடர்புத் துறையில் முன்பே இருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லேசர் ஆய்வு செய்துவந்த ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, மருத்துவப் படிப்பையும் முனைவர் பட்டத்தையும் ஒருசேரப் படித்த மாணவர் டேவிட் ஹுவாங், செயற்கைக்கோள்களுக்கு இடையே ஒளிவழித் தகவல் அனுப்பும் வேலையில் இருந்த எரிக் ஸ்வான்சன் ஆகியோர் அந்த முறையைக் கண்ணுக்குத் திருப்பினார்கள். கார்மன் புலியாஃபிட்டோ, ஜோயல் ஷூமன் என்ற கண் மருத்துவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். 1991 நவம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முதல் படம், உடலிலிருந்து பிரித்தெடுத்த விழித்திரையுடையது. உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் படம் பிடிக்க 1993 ஆயிற்று. கருவி சந்தைக்கு வர 1996 ஆயிற்று. ஃபுஜிமோட்டோ, ஹுவாங், ஸ்வான்சன் மூவருக்கும் 2023-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. கால் மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள விழித்திரையை ஊசி, கத்தி, கதிர்வீச்சு எதுவுமின்றி அடுக்கடுக்காகக் காட்டும் இந்தக் கருவி இல்லாமல் இன்று விழித்திரை சிகிச்சையே இல்லை. மருத்துவரும் பொறியாளரும் வேறு வேறு கட்டடங்களில் இருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது.

இனி நம்மூர் ஸ்கேன் அறைக்கு வருவோம். சர்க்கரை நோய் உள்ள ஓர் அம்மா தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். “பச்சைப் புள்ளியையே பாருங்கம்மா, கண்ணைச் சிமிட்டாதீங்க” என்கிறார் டெக்னீஷியன். கண் வறண்டிருப்பதால் அவருக்குச் சிமிட்டாமல் இருக்க முடியவில்லை. சிமிட்டிய இடத்தில் படத்தில் ஒரு கருப்புப் பட்டை விழுகிறது. பார்வை சற்றே விலகிய இடத்தில் ரத்தக்குழாய் இரண்டு துண்டாக ஒடிந்து தெரிகிறது. படத்தின் தரத்துக்குக் கருவி பத்துக்கு ஐந்து மதிப்பெண் போடுகிறது. ஆறாவது இருந்தால்தான் நம்பலாம். கண்ணில் ஒரு சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டு, இரண்டு முறை சிமிட்டச் சொல்லி, மறுபடி எடுத்தால் எட்டு வந்துவிடும். வெளியே வரிசை நீளமாக இருந்தால் மறுபடி எடுக்க நேரமிருக்காது. மங்கலான படத்தில் மென்பொருள் அடுக்கின் விளிம்பைத் தவறாகக் கோடிடுகிறது, தடிமன் குறைவாகக் கணக்காகிறது, அறிக்கையில் சிவப்பு விழுகிறது.

அந்தச் சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயைத் தேடும்போது நரம்பிழை அடுக்கின் தடிமனை ஓசிடி அளந்து, நலமானவர்களின் அளவோடு ஒப்பிடும். நலமானவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இருக்காத அளவுக்கு மெலிந்திருந்தால் சிவப்பு, எல்லையில் இருந்தால் மஞ்சள், இயல்பென்றால் பச்சை. அந்த நலமானவர்கள் யார்? உலகில் பரவலாகப் புழங்கும் கருவிகளுள் ஒன்றான ஸைஸ் சிர்ரஸின் நரம்பிழைத் தரவுத்தளத்தில் இருந்தவர்கள் 284 பேர். அவர்களில் இந்தியர் சுமார் 1 சதவீதம், அதாவது மூன்று பேர் அளவுக்கு. போதாக்குறைக்கு, கிட்டப்பார்வை அதிகமுள்ள கண்ணில் நரம்பிழைக் கற்றைகள் இயல்பாகவே இடம் தள்ளி ஓடும். கருவி எதிர்பார்க்கும் இடத்தில் அவை மெலிந்து தெரிவதால், நோயே இல்லாதவருக்கும் சிவப்பு விழும். ‘சிவப்பு நோய்’ என்றே கண் மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து போட வேண்டுமா என்பதை இந்த வண்ணம் தீர்மானிக்கும் நிலை வரக்கூடாது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு படம் எடுக்கும் அறையின் முக்கியத்துவம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்க கூகுள் 2016-ல் உருவாக்கிய மென்பொருளில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. ஆய்வில் அது மருத்துவர்களுக்கு நிகராக நின்றது. பின்னர் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் அதைப் புழக்கத்துக்கு விட்டபோது, முதல் ஆறு மாதங்களில் கொடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதவில்லை என்று மென்பொருள் தள்ளிவிட்டது. பல இடங்களில் செவிலியர்கள் போதிய இருட்டில்லாத அறையில் படம் எடுத்தார்கள். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிவிடும், உள்ளே ஒளி போதாது. இணையம் மெதுவாக ஓடியதால் வரிசையும் தேங்கியது. படம் தேறாதவர்களை வேறொரு நாள் நிபுணரிடம் போகச் சொன்னார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு அது இன்னொரு நாள் நஷ்டம். இத்தனையும் வெளியே தெரிந்தது, கூகுளின் ஆய்வாளர்களே அந்த நிலையங்களுக்குப் போய் உட்கார்ந்து பார்த்து எழுதியதால்தான். அந்தக் கட்டுரையை இத்துறையில் வந்த மிக நேர்மையான எழுத்துகளில் ஒன்றாகச் சொல்ல வேண்டும்.

சென்னையிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. டாக்டர் மோகன்ஸ் நீரிழிவு மருத்துவமனையில் ஸ்மார்ட்போனுடன் இணைந்த ரெமிடியோ கேமராவால் 296 பேரின் விழித்திரையைப் படமெடுத்து, மென்பொருளிடம் கொடுத்துச் சோதித்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, பாதிப்பு இருந்தவர்களில் 95.8 சதவீதம் பேரை அது பிடித்துவிட்டது. பாதிப்பு இல்லாதவர்களை ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னது 80.2 சதவீதம். ஒரு முகாமுக்குப் பாதிப்பில்லாத 800 பேர் வந்தால், ஏறக்குறைய 160 பேரை வீணாகப் பயமுறுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும் என்று இதற்குப் பொருள். தவறவிடாமல் பிடிப்பதற்குக் கொடுக்கும் விலை அது. அந்த விலை ஒரு மாநகர மருத்துவமனைக்குத் தாங்கும், மலைக் கிராமத்துக்குத் தாங்குமா என்று கணக்குப் போட்டு, அளவுகோலை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஆள் வேண்டும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை பேருக்கும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் பார்க்க வேண்டும்.

பக்கத்து மாநிலத்தில் இந்த வேலையை ஆள்வைத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் ஒரு நோய் உண்டு. சில வார அவகாசத்துக்குள் பிடித்தால் லேசரால் காப்பாற்றிவிடலாம். 2008-ல் நாராயண நேத்ராலயா தொடங்கிய ‘கிட்ராப்’ திட்டத்தில், டெக்னீஷியன்கள் கேமராவோடு கர்நாடகத்தின் கிராமப்புறப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கே போனார்கள். படம் எடுக்க மட்டுமல்ல, அதைப் படித்து வகைபிரிக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களின் கணிப்பை நிபுணர்களின் கணிப்போடு ஒப்பிட்டு ஆய்வாக வெளியிட்டார்கள். கருவி வாங்கிப் போட்டதோடு நிறுத்தியிருந்தால் இது கைகூடியிருக்காது. அதை யார் கையில், எந்தப் பயிற்சியோடு கொடுப்பது என்பதையும் அங்கே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு விஞ்ஞானிக்குக் கொடுக்கும் சம்பளத்தில் இன்னொரு டாக்டரையோ இரண்டு டெக்னீஷியன்களையோ எடுத்துவிடலாமே என்ற எதிர்வாதம் வரும். வரிசையில் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தவர் யாரும் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய கருவி தவறான சிவப்பை அச்சிட்டுக்கொண்டிருந்தால், அந்த இன்னொரு டாக்டரின் நேரமும் அதைச் சரிபார்ப்பதிலேயே கரையும். இன்று இந்த வேலைக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் திட்ட நிதியை நம்பி, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். ஒரு கருவியின் குணத்தையும் ஒரு மருத்துவமனையின் நோயாளிகளையும் அவர்கள் புரிந்துகொள்ளும் நேரத்தில் நிதி முடிந்துவிடுகிறது. பிறகு அவர்கள் வெளிநாட்டுக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை.

உள்விழி லென்ஸ் இறக்குமதி விலையில் ஏழைகளுக்கு எட்டாதிருந்தபோது, அதை உள்ளூரிலேயே குறைந்த விலைக்குச் செய்ய 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டது. அந்தத் துணிச்சலைப் படவியலிலும் காட்டலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது, ஆசியாவிலேயே பழமையானது. அங்கே ஒரு நிரந்தர படவியல் ஆராய்ச்சிப் பணியிடத்தை அரசு உருவாக்கி, தமிழ்நாட்டில் நலமாக இருப்பவர்களின் கண் அளவுகளை வயதுவாரியாகத் தொகுக்கும் பொறுப்பை ஒப்படைக்கலாம். அதுவரை காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியமும் இருக்கிறது. கண் கருவிகள் பல தம் படங்களைத் தத்தம் நிறுவனத்தின் பூட்டிய வடிவத்தில்தான் சேமிக்கின்றன. வேறு மென்பொருளால் திறக்க முடிவதில்லை. இனி வாங்கும் ஒவ்வொரு கருவியும் மூலப் படத்தை டைகாம் என்ற பொது வடிவத்தில் தர வேண்டும், அளவீட்டின் ஒப்பீட்டுத் தரவுத்தளத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று விற்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை, அரசு மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அடுத்த டெண்டரிலேயே சேர்த்துவிடலாம்.