ஆளில்லாத மலை எங்கே இருக்கிறது?

கேரளத்தின் கிழக்கெல்லையில், பாலக்காட்டின் நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் தொடங்கி இடுக்கியின் மறையூர், ராஜாக்காடு, கம்பமெட்டு வரையிலான மலைப்பகுதிகளைக் களமாகக் கொண்டு ஒரு கொலைக்கதை வெளிவரும்போதெல்லாம், அதை மதிப்பிட வருபவர்கள் தவறாமல் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘இந்தக் கதையில் நிலமே முதன்மைக் கதாபாத்திரம்.’ 2013 டிசம்பரில் ‘த்ரிஷ்யம்’ திரைப்படம் வெளிவந்த பின் மலையாளத்திலும் தமிழிலும் மலையோரக் குற்றக்கதைகள் பெருகப் பெருக, இந்த வாக்கியமும் மதிப்புரைகளிலும் பாராட்டு மேடைகளிலும் எவ்விதச் சோதனையுமின்றிப் பெருகிவந்திருக்கிறது. ஆளரவமற்ற மலை, வெளியேற வழியற்ற இரவு, கண்ணை மறைக்கும் மூடுபனி ஆகியவையே பார்வையாளரை ஈர்க்கின்றன என்பதும், கொலையும் துப்பறிதலும் அந்தத் தனிமையை அனுபவிப்பதற்கான சாக்குகளே என்பதும் இதன் விரிவுரை. மலையில் வாழும் மனிதர்களைக் கண்ணுக்குத் தெரியாதவர்களாக்கிவிட்டு மலையைப் புகழும் இக்கருத்து, கதைகளைப் பற்றியும் தவறானது, இடங்களைப் பற்றியும் தவறானது.

இதை ஆராயுமுன் ஒரு கலைச்சொல்லை விளக்கிக்கொள்வது நலம். துப்பறியும் கதைகளில் ‘மூடிய வட்டம்’ எனப்படுவது, கொலை நிகழ்ந்த வேளையில் அவ்விடத்தில் இருந்த குறிப்பிட்ட சிலருள் ஒருவரே கொலையாளியாக இருக்க முடியும் என்று ஆசிரியர் முன்கூட்டியே எல்லை வகுத்துவிடும் அமைப்பாகும். தீவு, பனியில் சிக்கிய ரயில், மலைமேல் விடுதி ஆகியவை இந்த எல்லையை வகுப்பதற்கு எளிதில் கிடைக்கும் கருவிகள். கருவியைக் கண்டு மயங்கி, அது எதற்காகப் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பார்க்கத் தவறியதிலிருந்தே இவர்களுடைய பிழைகள் அனைத்தும் பிறக்கின்றன.

இவர்கள் முதலில் துணைக்கு அழைப்பது அகதா கிறிஸ்டியை. 1939-இல் வெளிவந்த ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலில் பத்துப் பேர் ஒரு தீவில் சிக்கி ஒருவர்பின் ஒருவராக இறப்பதைக் காட்டி, தீவின் தனிமையே அந்நாவலின் உயிர் என்பர். ஆனால் தீவில் கூடிய முதல் இரவிலேயே, சட்டம் தண்டிக்க இயலாத ஒரு பழைய சாவுக்கு அவர்களில் ஒவ்வொருவரும் பொறுப்பு என்று ஓர் இசைத்தட்டு குற்றம் சாட்டிவிடுகிறது. அதன்பின் வாசகரைப் பக்கம் புரட்டவைப்பது, குற்றவுணர்வு கொண்ட பத்துப் பேர் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நெருக்கடியே. 1934-இல் வெளிவந்த ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலிலும், பனியில் நின்றுவிட்ட ரயிலின் பயணிகளைப் பிணைப்பது, ஒரு குழந்தையின் கொலையால் சிதைந்துபோன ஒரே குடும்பத்துடன் அவர்களுக்கிருந்த பழைய உறவாகும். எஸ். பாலச்சந்தர் இயக்கி 1970-இல் வெளிவந்த ‘நடு இரவில்’ திரைப்படமும் தீவு மாளிகையில்தான் நிகழ்கிறது. அங்கே கூடுபவர்களோ சொத்தின்மேல் கண்வைத்த சொந்தக்காரர்கள், அந்தப் பகையைப் புரிந்துகொள்ளத் தமிழ்ப் பார்வையாளர் எவருக்கும் கடல் சூழ்ந்திருக்க வேண்டிய தேவையில்லை. கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் துப்பறியும் கதை குறித்து 1948-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகவே வரையறுத்தார்: வெளியார் எவரும் கொலையாளியாக இருக்கும் வாய்ப்பு நீங்கும்படி அச்சமூகம் மூடியதாகவும், உள்ளிருக்கும் அனைவரும் சந்தேகத்துக்குரியவராகும்படி அது நெருங்கிய உறவுகள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். இரண்டாம் பாதியை விட்டுவிட்டு முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டவர்களே இன்று நிலத்தின் பெருமை பேசுகிறார்கள்.

அடுத்த வாதம், வெளியுலகத் தொடர்பு அறுந்துபோவதே இக்கதைகளில் அச்சத்தின் ஊற்று என்பது. ஜீத்து ஜோசப் இயக்கி 2022-இல் வெளிவந்த ‘ட்வெல்த் மேன்’ இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இடுக்கி மலையில் ஒரு விடுதியில் தங்கும் பதினொரு நண்பர்கள், தத்தம் கைபேசிக்கு வரும் அழைப்புகளை மற்றவர்கள் கேட்கும்படி உரக்க ஒலிக்கவிட்டுப் பேச வேண்டும் என்று விளையாடத் தொடங்குவதில்தான் அக்கதையின் வினை முளைக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு இல்லையேல் அங்கே ரகசியம் உடைவதில்லை, கதையும் இல்லை. தொடர்பு அறுந்ததற்குச் சான்றாக இப்படத்தைக் காட்டுபவர்கள் அதைக் கவனித்துப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தொடர்பறுந்த இரவு உண்மையில் எப்படியிருக்கும் என்பதை மூணாறு தோட்டத் தொழிலாளர்கள் அறிவார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் லயங்கள், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக வாழும் குடியிருப்புகள், மண்சரிவில் புதைந்தபோது, தொலைபேசி வேலை செய்யாததால் செய்தி வெளியுலகை எட்ட மறுநாள் காலையாயிற்று. போன உயிர்கள் 70. முதுவர் குடிகளைக் கொண்டு 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பட்ட இடமலைக்குடியிலிருந்து, நோயாளிகளைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து காட்டைக் கடந்துவந்த செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. போடப்படாத சாலையும் வந்துசேராத மருத்துவ ஊர்தியும் அங்கே வாழ்பவர்களுக்குத் தனிமை என்பதன் பொருள் என்னும்போது, அதை ஒரு சுவையாக வருணிப்பது பொறுப்பற்ற செயல்.

மூன்றாவது வாதமே மற்றவற்றைத் தாங்கி நிற்பது: காடும் பனியும் குற்றத்தை மறைத்துவிடும், ஆகவே ஒதுக்குப்புறமான மலை கொலையாளிக்கு உடந்தையாகிறது என்பது. இதைப் பரப்புபவர்கள் இம்மலைகளுக்கு எவ்வாறு போய்வருகிறார்கள் என்பதையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம். நெல்லியாம்பதிக்கு நெம்மாறையிலிருந்து போத்துண்டி வழியாக ஏறும் சாலையில் வனத்துறையின் சோதனைச்சாவடி நிற்கிறது. பறம்பிக்குளமோ பாலக்காடு மாவட்டத்தில் இருந்தும், சாலை வழியாக அங்கே செல்ல விரும்புபவர் பொள்ளாச்சியையும் சேத்துமடையையும் டாப்சிலிப்பையும் கடந்தே செல்ல வேண்டியிருப்பதால், இரு மாநிலங்களின் வனத்துறையினர் கண்ணிலும் பட்டாக வேண்டும். போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளிலும் தேனி மாவட்டத்தின் பெண் தொழிலாளர்கள் நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். யார் எங்கே இறங்கினார், யார் இன்று வரவில்லை என்பது ஓட்டுநருக்கும் உடன் வந்தவர்களுக்கும் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் யார் எந்த மலையில் கொழுந்து கிள்ளினார் என்பது செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. லயத்தில் ஒரு வீட்டின் சண்டை அடுத்த வீட்டின் சுவருக்கு அப்பால் தெளிவாகக் கேட்கிறது. இத்தகைய இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து தங்கினால் அச்செய்தி அன்று மாலைக்குள் தேநீர்க்கடையை அடைந்துவிடும். வழிகள் குறைவாக உள்ள இடத்தில் வருகையும் போக்கும் எளிதில் புலப்படும் என்பது எளிய உண்மை. மறைந்துகொள்ள விரும்புபவருக்குக் கோயம்புத்தூரின் பேருந்து நிலையமே இம்மலைகளைவிடப் பாதுகாப்பானது.

மலையோரக் குற்றக்கதைகளில் மிகப் புகழ்பெற்ற ‘த்ரிஷ்யம்’ இந்த உண்மையின் மேல்தான் முழுக்கமுழுக்கக் கட்டப்பட்டுள்ளது. ராஜாக்காட்டில் கேபிள் தொலைக்காட்சி நடத்தும் ஜார்ஜ்குட்டி, கொலைப்பழியிலிருந்து தன் குடும்பத்தைக் காக்க ஆளில்லாத இடத்தைத் தேடிப் போகவில்லை. ஆட்கள் இருக்கும் இடங்களைத் தேடித்தேடிப் போகிறான். பேருந்து நடத்துநர், விடுதிப் பணியாளர், உணவகத்தார், திரையரங்கில் படம் ஓட்டுபவர் ஆகியோர் முன் தன் குடும்பத்துடன் தோன்றி, பின்னர் நாட்களை அவர்களுடைய நினைவில் மாற்றிப் பதியவைத்து, கொலைக்குப்பின் மேற்கொண்ட பயணத்தை முன்னதாகவே நடந்ததென நம்பவைக்கிறான். அவன் தப்புவது, காவல்துறை விசாரிக்கும்போது ஊரில் சாட்சி சொல்லப் பலர் இருப்பதனால்தானே தவிர எவரும் இல்லாததனால் அன்று. பிணத்தை மறைக்க அவன் தேர்ந்தெடுக்கும் இடம் இதைவிடத் தெளிவான சான்று. காடுகளும் பள்ளத்தாக்குகளும், 1976-இல் திறக்கப்பட்ட மாபெரும் வளைவு அணையின் நீர்ப்பரப்பும் கொண்ட ஒரு மாவட்டத்தில், அவன் பிணத்தைப் புதைப்பது புதிதாகக் கட்டப்படும் காவல் நிலையத்தின் தரைக்கடியில். மக்கள் நடமாட்டம் இல்லாத பாறைக்குழி நீரில் தள்ளிய கார் வெளிப்பட்டுவிடுகிறது; நாள்தோறும் காவலர்கள் நடக்கும் தரையின் கீழ் இருப்பது வெளிப்படவில்லை. தனிமை குற்றத்தை மறைக்காது, கூட்டமே மறைக்கும் என்று இதைவிட வெளிப்படையாக ஒரு கதை சொல்ல முடியாது; அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இடுக்கியின் பசுமையைப் பற்றி எழுதினார்கள்.

நிலம் உண்மையிலேயே முதன்மைக் கதாபாத்திரமாக இருந்தால், அதை நீக்கிவிட்ட பின் கதை எழுந்து நிற்கக் கூடாது. நடந்ததோ நேர்மாறானது. கன்னடத்திலும் தெலுங்கிலும் 2014-இல் இக்கதை மீண்டும் எடுக்கப்பட்டது. தமிழில் 2015-இல் மூலப்படத்தை எடுத்த அதே ஜீத்து ஜோசப்பின் இயக்கத்தில் அது ‘பாபநாசம்’ ஆகி, ஜார்ஜ்குட்டி நெல்லைத் தமிழ் பேசும் சுயம்புலிங்கமானான். அதே ஆண்டில் இந்தியில் அது கோவாவுக்குப் போயிற்று. 2017-இல் சிங்களத்தில் ‘தர்மயுத்தய’ எனவும், 2019-இல் தாய்லாந்தைக் களமாகக் கொண்ட சீனப் படமாகவும் வந்தது. இத்தனை மொழிகளில் மலை மாறியது, மழை மாறியது, மதமும் உணவும் மாறின. மாறாமல் நின்றவை ஒருவரையொருவர் அறிந்த ஒரு சிற்றூரும், அங்கே அதிகாரத்தின் முன் சாட்சி சொல்ல நிறுத்தப்படும் எளிய மனிதர்களும், தன் பிள்ளைக்காகப் பொய் சொல்லத் துணியும் ஒரு குடும்பமும். முதன்மைக் கதாபாத்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் கதை ஓடுகிறது என்றால், அது முதன்மைக் கதாபாத்திரம் என்ற கூற்றில் என்ன எஞ்சுகிறது?

‘சுருளி’ (2021) திரைப்படம் இதற்கு விலக்கு எனச் சிலர் கூறுவர். ஆனால் அந்தக் காட்டூர் முழுக்க ஆட்களே, மாறுவேடத்தில் போகும் காவலர் இருவரும் மிரள்வது அவ்வூராரின் நாவுக்கும் பார்வைக்குமே. மலையுச்சியின் காவல்துறைக் கம்பியில்லாத் தந்தி நிலையத்தில் நிகழும் ‘இலவீழாப்பூஞ்சிற’ (2022) படத்திலும் கொலையின் வேர் வீட்டுக்குள் இருக்கிறது.

நகர நெரிசலில் வாழ்பவர் தனிமைக்கு ஏங்குவதால் இக்கதைகளை விரும்புகிறார் என்னும் நான்காம் வாதம், விடுதி அறைகளை விற்பவர்களின் வாதம். இதே கதைகளைத் தொடுபுழையிலும் போடியிலும் கொல்லங்கோட்டிலும் மலையடிவாரத்தில் வாழ்பவர்களும் விரும்பிப் பார்க்கிறார்கள். அவர்கள் எந்தத் தனிமைக்கு ஏங்குகிறார்கள் என்பதற்கு இவ்வாதத்தில் விடையில்லை.

கதைகளை விட்டு நடப்புக்கு வந்தால் இக்கருத்தின் வெறுமை இன்னும் கடுமையாகத் தெரிகிறது. 2018 பிப்ரவரி 22 அன்று, பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில், தமிழகத்தின் ஆனைகட்டிக்கு அப்பால் விரியும் மலைப்பகுதியில், உணவுப்பொருள் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பழங்குடி இளைஞர் ஒருவர் காட்டிலிருந்து பிடித்துவரப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அது பனி சூழ்ந்த நள்ளிரவில் நடக்கவில்லை. பட்டப்பகலில், கூட்டத்தின் நடுவே, கைபேசிகளில் படம் பிடிக்கப்பட்டு நடந்தது. யார் செய்தார்கள் என்பதில் மர்மம் ஏதும் இருக்கவில்லை. ஆயினும் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, கண்டவர்களில் பலர் காணவில்லை என்று கூறிப் பிறழ்சாட்சிகளாயினர். மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்க 2023 ஏப்ரல் வரை ஆயிற்று. ஒதுங்கிய மலையில் கொலை எவ்வாறு மறைகிறது என்று கேட்பவருக்கு இந்த வழக்கே விடை: அங்கே அனைவருக்கும் தெரியும், தெரிந்தவர்கள் பேசுவதில்லை. பேசினால் நாளை வேலை இருக்குமா, அதே ஊரில் வாழ முடியுமா, அதே கடையில் அரிசி வாங்க முடியுமா என்ற கணக்குகள் அந்த மௌனத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

தனித்த இடங்களில் நிகழும் கொலைக்கதைகள் வாசகரைப் பிடித்திழுப்பது இந்த மௌனத்தினால்தான். சிலரே வாழும் இடத்தில் ஒவ்வொருவரின் அறிதலுக்கும் எடை கூடுகிறது, ஒவ்வொருவரின் பொய்க்கும் விலை கூடுகிறது. அந்த எடையையும் விலையையும் காட்டும் கதை எந்த நிலத்திலும் நிற்கும், காட்டாத கதையை எவ்வளவு பனியும் காப்பாற்றாது. மலையை வியக்கும் மதிப்புரைகள் இதைக் காணாததன் கேடு, இரசனையோடு நிற்பதில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வரும் பெண்ணும் லயத்தில் வாழும் தொழிலாளியும் முதுவர் குடியின் முதியவரும் இப்படங்கள் பலவற்றில் பெயரின்றிக் கடந்துபோகும்போது, அந்தக் குறையைச் சுட்ட வேண்டியவர்களே நிலத்துக்குப் பட்டம் சூட்டி அதை மூடிவிடுகிறார்கள். அடுத்த மலையோரக் கொலைக்கதையை மதிப்பிட அமர்பவர், அந்த மலையில் வாழ்பவர்களுக்குக் கதையில் பெயர் இருக்கிறதா, அவர்கள் கண்டதைச் சொல்ல ஒரு வரியாவது வசனம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கட்டும்.