கடல் கடந்த கல்வியும் கண்கட்டிய தேர்வும்



அயல்நாடு சென்று முதுநிலைப் பட்டம் பெற்று, ஆங்கேயே பணியேற்று வாழ விழையும் தமிழிளைஞர் தொகை பெருகி வருகின்றது. அதனை யாம் குறை கூறோம். கடல் கடந்து பொருளீட்டுதல் தமிழனுக்குப் புதியதன்று. புகாரும் கொற்கையும் முசிறியும் கடல் வணிகத்தால் ஓங்கிய ஊர்களே. யாம் கடிந்துரைப்பது செலவையன்று. செலவுக்கு முன் நிகழும் தேர்வையே. எந்நாடு, எப் பல்கலைக்கழகம், எப் படிப்பு என்று முடிவு செய்யும் அவ்வேளையில் நம்மவர் தம் கண்களைத் தாமே கட்டிக் கொள்கின்றனர். கட்டிய கண்ணோடு கைபிடித்து அழைத்துச் செல்பவன் தரகன்!

ஓர் எருது வாங்கப் போகும் உழவன் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான், சுழி பார்க்கின்றான், நடக்க விட்டுப் பார்க்கின்றான், நால்வரை வினவிய பின்னரே விலை பேசுகின்றான். அதே உழவன், தன் நிலத்தை ஈடு வைத்து மகனை அயல்நாட்டுக்கு அனுப்புங்கால், எதனையும் வினவாது தரகன் நீட்டிய தாளில் கையொப்பமிடுகின்றான். எருதுக்குக் காட்டிய விழிப்பை ஈன்ற மகனுக்குக் காட்டாமை எத்துணைப் பேதைமை! எளியேன் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். என்பால் பயின்றோரின் பெற்றோர் பலர், முன்பணம் கட்டிய பின்னரே கருத்துக் கேட்க வருகின்றனர். கட்டியபின் கருத்தெதற்கு?

தரகர் விற்கும் பொய்கள் இரண்டு. பட்டம் பெற்றால் பணி தானே வரும் என்பது ஒன்று. ஆங்கிலம் ஒன்றே எந்நாட்டுக்கும் போதும் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டே. "ஓராண்டில் பட்டம்; ஈராண்டு தங்கிப் பணி தேடலாம்" என்பதே தரகர்தம் ஓயாத ஓதல். அந்த ஈராண்டின் வரலாறு யாது? படித்து முடித்தோர் தங்கிப் பணிபுரிதற்கு முன்பிருந்த இசைவு 2012 ஏப்பிரலில் மூடப்பட்டது. 2021 சூலையில் வேறு பெயரோடு மீண்டும் திறக்கப்பட்டது. 2024 சனவரி முதல், வகுப்பில் பயிலும் முதுநிலை மாணவர் மனைவி மக்களை உடனழைத்துச் செல்லுதல் தடுக்கப்பட்டது. 2027 சனவரி முதல் நாள் தொட்டு வேண்டுவோர்க்கு ஈராண்டு என்பது பதினெட்டுத் திங்களாகக் குறையும் என 2025-இல் ஆணையிட்டு விட்டனர். அதன் பின்னரும் அங்குப் பணியாற்ற வேண்டின், பணி தருவோர் பொறுப்பேற்று, அரசு வகுத்த அளவு ஊதியம் தருதல் வேண்டும். அவ்வளவு, ஆண்டுக்கு 26,200 பவுனாக இருந்தது. 2024 ஏப்பிரலில் 38,700 பவுனாயிற்று. 2025 சூலையில் 41,700 பவுனாயிற்று. புதிதாய்ப் பணிபுகும் இளைஞர்க்குச் சற்றுத் தளர்வுண்டு. எனினும் ஏணியின் படிகள் ஆண்டுதோறும் உயர்கின்றன என்பதை மறுப்பார் யார்?

இனிக் கடன் கணக்கைப் பார்ப்போம். கல்விக்கடன் தரும் வைப்பகங்கள், படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் கழித்தே பொதுவாகத் தவணை கேட்கின்றன. ஓராண்டுப் படிப்பெனில், இரண்டாம் ஆண்டின் முடிவில் தவணை தொடங்கும். படிப்பு ஓராண்டு, தங்கல் பதினெட்டுத் திங்கள் எனில், இரண்டரை ஆண்டில் அந்நாட்டு இசைவு முடியும். தவணை தொடங்குவதற்கும் இசைவு முடிவதற்கும் இடையே ஆறே திங்கள்! அந்த ஆறு திங்களுக்குள் நிலைத்த பணி அமையாவிடில், பவுனில் வாங்கிய பட்டத்துக்கு உரூபாவில் உழைத்து வட்டி கட்டல் வேண்டும். இக்கணக்கைத் தரகன் என்றேனும் தாளில் எழுதிக் காட்டினானா?

அமெரிக்கா மட்டும் என்ன வாழ்ந்தது? உயர்திறன் பணியிசைவு ஆண்டுக்கு 65,000 பேர்க்கு. அந்நாட்டில் முதுநிலை பயின்றோர்க்கு மேலும் 20,000. கேட்போர் தொகை அதனினும் மிகுதியாகலின், பல்லாண்டுகளாகக் குலுக்கலே ஒருவன் வாழ்வைத் தீர்மானித்து வந்தது. 2025 செப்தம்பரிலோ, அந்நாட்டுக்கு வெளியே இருப்போர்க்கான புதிய வேண்டுகைக்கு நூறாயிரம் தாலர் கட்டணம் என்று ஒரே நாளில் ஆணை பிறந்தது. எனவே பட்டம் வேறு, பணியிசைவு வேறு. முன்னதைத் தருவது பல்கலைக்கழகம். பின்னதைத் தருவது அந்நாட்டு அரசியல். முன்னதற்குப் பணம் வாங்குபவன் பின்னதற்குப் பொறுப்பேலான்!

இனிச் செருமனிக்கு வருவோம். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களுள் பெரும்பாலானவை பிறநாட்டு மாணவரிடத்தும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. விலக்குகளும் உள. பாடன்-வூர்த்தம்பர்க்கு மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் புறத்தாரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ பெறுகின்றது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் கட்டணம் வாங்கத் தொடங்கிற்று. மாணவன் தன் வாழ்க்கைச் செலவுக்கென முன்கூட்டியே முடக்குக் கணக்கில் இடவேண்டிய தொகை 2024 செப்தம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ என வரையறுக்கப்பட்டது. அது கட்டணமன்று, திங்களுக்கு 992 யூரோவாக அவனே எடுத்து உண்ணும் பணம். பட்டம் பெற்றபின் தகுதிக்கேற்ற பணி தேடப் பதினெட்டுத் திங்கள் வரை இசைவுண்டு.

இத்தகைய நாட்டைத் தரகர் ஏன் முதலில் காட்டுவதில்லை? கட்டணமே வாங்காத பல்கலைக்கழகம் தரகனுக்குத் தரகு எங்ஙனம் தரும்? செருமனியையே கேட்டு அடம்பிடிக்கும் மாணவனையும், பெருங்கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளின் பக்கம் திருப்பி விடும் தரகர் உளர். அறிவுரை கூறுபவனுக்குக் கூலி தருபவன் யார் என்று முதலில் கேள். பிறகு அவன் அறிவுரையைக் கேள்!

இங்கேதான் இரண்டாம் பொய் வேலை செய்கின்றது. "செருமனியில் ஆங்கில வழியிலேயே முதுநிலை பயிலலாம், மொழியைப் பற்றிக் கவலையில்லை" என்கின்றனர். முற்பாதி மெய்; பிற்பாதி நஞ்சு. வகுப்பறையில் ஆங்கிலம் உண்டு. வகுப்பறைக்கு வெளியே? தொழிலகத்தில் மேற்பார்வையாளன் பேசுவது செருமானியம். மருத்துவமனையில் நோயாளி தன் நோவைச் சொல்வது செருமானியம். ஊராட்சி அலுவலகத்து மடல் வருவது செருமானியம். ஈராண்டு ஆங்கிலத்திலேயே பயின்று, விடுதியில் நம்மவரோடே பேசிப் பொழுது கழித்து, பட்டம் கைக்கு வந்தபின் பதினெட்டுத் திங்களுக்குள் மொழியையும் கற்றுப் பணியையும் தேடித் தவிப்போர் நிலை இரங்கத்தக்கது.

"பெர்லினில் மென்பொருள் நிறுவனங்களில் ஆங்கிலமே போதுமே" என்று ஒருவர் கேட்கலாம். சில நிறுவனங்களில் போதும். சிலவற்றை நம்பிப் பலர் நிலத்தை ஈடு வைத்தல் அறிவுடைமையாகுமா? அந்நாட்டுச் சட்டமே இதற்கு விடை கூறுகின்றது. உயர்திறன் பணியாளர்க்கான நீல அட்டை பெற்றோர், மொழியைத் தொடக்க அளவே அறிந்திருப்பின் 27 திங்களிலும், பி1 எனப்படும் இடைநிலை அளவு அறிந்திருப்பின் 21 திங்களிலும் நிலைத்த குடியிருப்புரிமை கேட்கலாம். மொழியறிவுக்கு ஆறு திங்களை விலையாகக் குறித்து விட்டது சட்டம்! குடியுரிமைக்கும் அந்த இடைநிலை மொழியறிவைக் கேட்கின்றது.

தன் நாட்டில் வாழ வருபவன் தன் மொழியைக் கற்றாக வேண்டும் என்று கேட்க ஓர் இனத்துக்கு உரிமையுண்டு. செருமானியரும் பிறர் மொழிக்கு அவ்வாறே மதிப்பளித்தனர். 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்றே தம் பணியைத் தொடங்கினார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1716-இல் அவர் எழுதிய தமிழிலக்கணம் செருமனியில் அச்சாயிற்று. கார்ல் கிரௌல் திருக்குறளைச் செருமானியத்தில் பெயர்த்து 1856-இல் வெளியிட்டார். நம் நாட்டுக்குப் பணிக்கு வந்தவன் நம் மொழியைக் கற்றான். அவன் நாட்டுக்குப் பணிக்குச் செல்லும் நாம் மூன்றாமவன் மொழியைச் சுமந்து செல்கின்றோம்! இது தகுமா?

தமிழிளைஞனே, அம்மொழி உனக்கு எட்டாததன்று. செருமானியத்தில் வேற்றுமை நான்கே; எட்டு வேற்றுமை பயின்றவன் நீ. அதன் சார்பு வாக்கியங்களில் வினை இறுதியில் நிற்கும்; உன் தாய்மொழியிலும் வினை இறுதியிலேயே நிற்கின்றது. பல சொற்கள் தொக்கு ஒரு சொல்லாய் நீளுதல் அதன் இயல்பு. தொகைச்சொல் உனக்குப் புதிதா? ஆங்கிலத்தையே அளவுகோலாகக் கொண்டு பார்ப்பவனுக்கே அவை மலைப்பூட்டும். தன் தாய்மொழி இலக்கணத்தைத் தெளியக் கற்றவனுக்கு அயல்மொழி இலக்கணம் அச்சுறுத்துவதன்று. தமிழ் வகுப்பை உறக்க வகுப்பாக்கிய பிள்ளைகள் இழந்தது மதிப்பெண்ணை மட்டுமன்று.

எனவே, தேர்வுக்கு முன் ஐந்து கேள்விகளை எழுதி வைத்து விடை காண்க. நான் பணியாற்றப் போகும் இடத்தில் பேசப்படும் மொழி யாது? படித்து முடித்தபின் எத்துணைத் திங்கள் தங்கலாம். அவ்விசைவு எத்துணை முறை மாறியுள்ளது? பணியிசைவுக்கு வேண்டும் ஊதிய அளவு என்ன? பணி அமையாவிடில் இங்கு வரும் ஊதியத்தைக் கொண்டு அக்கடனைத் தீர்க்க இயலுமா? எனக்கு அறிவுரை கூறுபவன் எவரிடம் கூலி பெறுகின்றான்? விடைகளைத் தரகனிடம் கேளாமல், அந்நாட்டு அரசும் பல்கலைக்கழகமும் வெளியிடும் அறிவிப்புகளில் நேரே படித்தறிக. செருமனியைத் தேர்ந்தால், பயணச் சீட்டு வாங்குமுன் இங்கேயே ஓராண்டு மொழி பயில்க. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்ட சான்றிதழ் ஆய்வுக்கும் காலம் ஒதுக்குக. விடை நிறைவாய் அமையாவிடில், அவ்வாண்டு செல்லாதிருத்தல் தோல்வியன்று. ஈடு போகாத நிலம் அடுத்த ஆண்டும் உன்னுடையதே.

பெற்றோரே! அண்டை வீட்டான் மகன் சென்றான் என்பது தேர்வாகாது. இளைஞனே! நீ சுமந்து செல்வது பெட்டியை மட்டுமன்று. தந்தையின் நிலத்தையும் தாயின் தாலியையும் சுமந்து செல்கின்றாய். கண்கட்டை அவிழ்த்தெறி! கணக்கிட்டுத் தெளி! மொழியைக் கற்றுச் செல்! கூலியாய் அன்று, நிமிர்ந்த தமிழனாய்ச் செல்!