பல் மருத்துவத் தேர்வும் தரகர் கூட்டமும்

தாராவியில் தோல் பதனிட்ட கைகள் சேர்த்த காசில் பல் மருத்துவம் படித்துத் தேறிய பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்களுள் சிலர் இலண்டன் செல்லத் துடிக்கிறார்கள். தடுக்க நாம் யார்? நாமே திருநெல்வேலியில் ரயிலேறி வந்தவர்கள்தாமே! தாராவிக்குப் பல் மருத்துவர் வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, மாநகராட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வி.

1975-இல் இந்திய மருத்துவப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தையே விலக்கிக்கொண்ட நாடு பிரிட்டன். அங்கே அயல்நாட்டுப் பல் மருத்துவர்களுக்கென 2007 முதல் நடப்பது ஓ.ஆர்.இ. தேர்வு. அதன் முதற்பகுதி எழுத்துத் தேர்வு; மூன்று மணி நேரம் வீதம் இரண்டு தாள்கள். முதல் தாளுக்கு நம் கல்லூரிப் பாடமே பெரிதும் கைகொடுக்கும். இரண்டாம் தாளில்தான் சிக்கல். சிகிச்சையோடு அந்நாட்டுச் சட்டமும் தொழில் ஒழுக்கமும் அதில் உண்டு. நோயாளியின் சம்மதத்தை எப்படிப் பெறுவது, இரகசியத்தை எப்படிக் காப்பது, புகார் வந்தால் என்ன செய்வது? நம் பாடப்புத்தகத்தை மட்டும் நம்பிப் போனால் இங்கே தடுமாறுவோம். இதற்கான ஒன்பது நெறிகளைப் பிரிட்டனின் பொதுப் பல் மருத்துவ மன்றமே வெளியிட்டிருக்கிறது. இலவசமாகவே கிடைக்கிறது.

தேர்வுக்கு இடங்கள் குறைவு. ரேஷன் கடை வரிசையை விட மோசம். இந்தத் தட்டுப்பாட்டில்தான் தரகன் நுழைகிறான். "இடம் வாங்கித் தருகிறேன்" என்பவனுக்காகத் தாய்மார்கள் தாலிச் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். பதிவு செய்ய வேண்டியவர் தேர்வு எழுதுபவரே.

தேறிய தோழர்களே! விடுமுறைக்கு மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ வரும்போது, படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மாலைப்பொழுதைத் தாருங்கள். அறையும் தேநீரும் சங்கத்தின் பொறுப்பு.