இறுக்கினால் நிற்குமா?

எங்கள் வீட்டு பாத்ரூம் குழாய் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இதை ஒரு பிரச்னையாகவே நான் கருதவில்லை. கதவைச் சாத்தினால் சத்தம் கேட்காது. அப்படியும் கேட்டால் ஃபேனை அஞ்சில் வைத்தால் போச்சு. கைவசம் இரண்டு அருமையான தீர்வுகள் இருக்கும்போது எவனாவது ஸ்பானரைத் தேடுவானா?

பிளம்பரிடம் சொல்லாமல் இல்லை. "நாளைக்கு வரேன் சார்" என்றார். பிளம்பர்களின் 'நாளைக்கு' எந்தக் காலண்டரிலும் அச்சாவதில்லை.

இந்த நேரத்தில்தான் திருச்சியிலிருந்து அப்பா வந்தார். வயசு எழுபத்துநாலு. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். ரயில் இன்ஜினையே பிரித்துப் பூட்டிய கை. இப்போது அந்தக் கைக்கு நடுக்கம் வந்துவிட்டது. காபி டம்ளரை பாதி அளவுதான் ஊற்றித் தருகிறாள் என் மனைவி. அவரும் ஏன் என்று கேட்பதில்லை.

முதல் ராத்திரி ஒரு மணிக்கு பாத்ரூமில் லைட் எரிந்தது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. சொட்டுக்குக் கீழே சொம்பு வெச்சிருந்தேன். நிரம்பிருக்கும், பக்கெட்ல ஊத்திடலாம்னு..."

காலையில் கணக்கு ரெடி. "எட்டு மணி நேரத்துல ரெண்டு லிட்டர்டா. நாளைக்கு ஆறு. வருஷத்துக்கு 2,190 லிட்டர். 2019 ஜூலைல இந்த ஊருக்கு ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துதே, ஞாபகம் இருக்கா? 50 வேகன், 25 லட்சம் லிட்டர். உன் குழாய் மாதிரி 1,142 குழாய் ஒரு வருஷம் சொட்டினா அந்த ஒரு ரயில் காலி."

ரயில்வேக்காரர். எதையும் ரயிலில்தான் அளப்பார். நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ராத்திரி 'தடால்' என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், சொம்பு உருண்டு கிடக்கிறது. அப்பா கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறார். ஈரத்தில் கால் வழுக்கியிருக்கிறது. "விழலடா, விழல" என்றார். கைப்பிடி மட்டும் ஒரு அடி தள்ளி இருந்திருந்தால்? அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஃபேனை அஞ்சில் வைத்தும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பாத்ரூம் வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அப்பா உட்கார்ந்தார். உள்ளே நான், கடன் வாங்கின ஸ்பானரோடு.

"முதல்ல எங்கேர்ந்து ஒழுகுதுன்னு பாரு. வாய் வழியா சொட்டினா உள்ளே வாஷர் போச்சு. கைப்பிடிக்கு அடியில கசிஞ்சா அங்கே சுத்தியிருக்கிற பேக்கிங் போச்சு. சுவரோரம் கசிஞ்சா மரைக்கு டெஃப்ளான் டேப் சுத்தணும். உனக்கு வாய்தான்."

குழாய்க்கா, எனக்கா என்று கேட்கவில்லை.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி தண்ணியை மூடு."

மொட்டை மாடிக்குப் போனேன். டேங்க்கடியில் ஆறு கேட் வால்வுகள். எது எங்களுடையது என்று எழுதியிருந்தால்தானே! குத்துமதிப்பாக ஒன்றை மூடினேன். இரண்டே நிமிஷத்தில் மூன்றாவது மாடி மாமாவின் குரல், "யாருய்யா அது?" என்று. முகமெல்லாம் சோப்பு நுரை, கண் திறக்க முடியவில்லை. ஆள் தெரியாமல் திட்டினார். அதுவரைக்கும் லாபம். நான்காவது முயற்சியில் எங்கள் வால்வு கிடைத்தது. பெயின்ட்டால் பெரிதாக நம்பர் போட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் இன்றைக்கே போட்டு வையுங்கள்.

பிறகு அப்பா சொல்லச் சொல்லச் செய்தேன். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட்டேன். ஸ்க்ரூ விழுந்து தொலையாமல் இருக்க, தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்தேன். கைப்பிடியைக் கழற்றினேன். மேல் நட்டில் துணி சுற்றி, ஸ்பானரை மாட்டினேன்.

"இரு! இன்னொரு கையால குழாயோட உடம்பைப் பிடிச்சுக்கோ. இல்லேன்னா சுவருக்குள்ள பைப் திருகிக்கும். அப்புறம் வாஷர் செலவு இல்ல, கொத்தனார் செலவு."

தலைப்பகுதி கழன்று வந்தது. அடியில் ஒரு ரப்பர் வட்டம், சட்டைப் பொத்தான் அளவு. அதில் ஆழமாக ஒரு வட்டப் பள்ளம். அப்பா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது வயசாகிக் கெடலடா. நீ கெடுத்தது. சொட்டுதுன்னு இறுக்கியிருக்கே. இறுக்க இறுக்க ரப்பர் அறுபடும். அறுபட்டா இன்னும் சொட்டும். நீ இன்னும் இறுக்குவே."

மூன்று மாதமாக நான் செய்த ரிப்பேர் வேலை அதுதான்.

ஹார்டுவேர் கடையில் "வாஷர்" என்றேன். "அரை இஞ்சா, முக்கால் இஞ்சா?" என்றார் கடைக்காரர். நல்லவேளை, அப்பா பழைய வாஷரைச் சட்டைப் பையில் போட்டு அனுப்பியிருந்தார். அஞ்சு ரூபாய். என் மூன்று மாத அலட்சியத்தின் மொத்த மதிப்பு!

(கால் சுற்றிலேயே திறக்கிற புது மாடல் குழாய்களில் பெரும்பாலும் இந்த வாஷர் கிடையாது. பீங்கான் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை முழுசாக மாற்ற வேண்டும். சாதாரணக் குழாயில் வாஷர் மாற்றியும் சொட்டினால், அது போய் உட்காரும் பித்தளை விளிம்பில் உப்போ பள்ளமோ இருக்கிறதா பாருங்கள்.)

புது வாஷரைப் போட்டு, எல்லாவற்றையும் வந்த வழியே பூட்டி, மாடியில் வால்வைத் திறந்துவிட்டு ஓடி வந்தேன். மூடினேன். பழக்க தோஷம், இன்னும் கொஞ்சம் இறுக்கப் போனேன்.

"போதும். நின்னுடுச்சுன்னா விட்டுடு" என்றார் அப்பா.

விட்டேன். சொட்டவில்லை.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு மறுபடியும் பாத்ரூமில் லைட். பதறி எழுந்து ஓடினேன்.

"என்னப்பா, திரும்பவும் சொட்டுதா?"

"இல்லடா. சொட்டலையேன்னு பார்க்க வந்தேன்."

தரை காய்ந்து கிடந்தது.