60,000 கிலோமீட்டர் வேலி

வல்லரசுன்னு சொன்னதும் ஏவுகணை, ராக்கெட், ஒலிம்பிக் மெடல் எல்லாம்தான் ஞாபகம் வரும். சோவியத் யூனியன் விஷயத்துல எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது உழுது போட்ட ஒரு துண்டு நிலம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க :-)

அந்த நாட்டோட எல்லை, நிலமும் கடலும் சேர்த்து 60,000 கிலோமீட்டருக்கும் மேல. பூமியை ஒன்றரை ரவுண்டு சுத்தி வரலாம். நார்வேயிலிருந்து வடகொரியா வரைக்கும் 12 நாடுகள் பக்கத்து வீட்டுக்காரங்க. இதைக் காக்குறதுக்கு 1918 மே 28-ல் லெனின் கையெழுத்துல ஒரு படை உருவாச்சு. பச்சைத் தொப்பிக்காரங்க. கடைசி காலத்துல சுமார் 2 லட்சம் பேர் இருந்தாங்க. ஆனா இவங்க பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழே இல்லை, கேஜிபிக்குக் கீழே! எல்லைக்காவலை ஏன் உளவுத்துறை கையில குடுத்தாங்க? அதுலதான் மேட்டரே இருக்கு.

எல்லையோரமா சில மீட்டர் அகலத்துக்கு மண்ணை உழுது, பரம்படிச்சு, கோலம் போடப்போற வாசல் மாதிரி சுத்தமா வெச்சிருப்பாங்க. யார் கால் வெச்சாலும் தடம் பதியும். ரோந்து போற சிப்பாய் அதைப் பார்த்தே வந்தது மனுஷனா மிருகமா, எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லிடுவான். கூடவே, தொட்டா காவல் சாவடியில மணியடிக்கிற கம்பிவேலி. பல இடங்கள்ல இந்த வேலி நிஜமான எல்லைக்கோட்டுல இல்லை, பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. அதுக்கும் உள்ளே, அனுமதிச்சீட்டு இல்லாம யாரும் நுழைய முடியாத எல்லை மண்டலம். வெளியிலிருந்து வர்ற எதிரிக்காக மட்டுமா இத்தனை ஏற்பாடு?

சட்டத்தைப் பார்த்தா புரிஞ்சிடும். 1960-ல் வந்த ரஷ்யக் குடியரசின் குற்றவியல் சட்டம், 64-ஆவது பிரிவில் வெளிநாட்டுக்குத் தப்பி ஓடுவதையும் தேசத்துரோகப் பட்டியலில் சேர்த்திருந்தது. 10 முதல் 15 வருஷம் ஜெயில், இல்லேன்னா மரண தண்டனை. ஸ்லாவா குரிலோவ்னு ஒரு கடலாய்வாளர். வெளிநாடு போக அனுமதி கிடைக்கல. 1974 டிசம்பரில், எந்தத் துறைமுகத்திலும் நிற்காத ஒரு சுற்றுலாக் கப்பல்ல ஏறினார். ராத்திரியில கடல்ல குதிச்சு, கிட்டத்தட்ட மூணு நாள் நீந்தி பிலிப்பைன்ஸ் கரையேறினார். காவல் எந்தப் பக்கம் பார்த்து நின்னதுன்னு இதுக்கு மேலயும் சொல்லணுமா?

ஆனா பள்ளிக்கூடப் பசங்களுக்குச் சொன்ன கதையே வேற. நிகிதா கரட்சுபான்னு ஒரு எல்லை வீரர், 338 ஊடுருவல்காரங்களைப் பிடிச்சவர்னு அரசாங்கக் கணக்கு. 1965-ல் 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம் வாங்கினார். அவரோட மோப்ப நாய் பேர் 'இந்துஸ்'. ரஷ்ய மொழியில இந்தியன்னு அர்த்தம்! பின்னாடி நம்ம நாட்டோட நட்பு வந்ததும், மனசு புண்படுமேன்னு பத்திரிகைகளும் புத்தகங்களும் பேரை 'இங்குஸ்'னு மாத்திட்டாங்க. நாய் பேர்ல கூட ராஜதந்திரம் பாருங்க :-))

அந்தச் சிப்பாய்களைக் கிண்டல் பண்றேன்னு நினைச்சுடாதீங்க. 1941 ஜூன் 22-ல் ஹிட்லர் படை நுழைஞ்சப்போ முதல் அடி வாங்கினது இவங்கதான். 1969 மார்ச்சில் உசூரி ஆத்துல இருக்கிற டமான்ஸ்கிங்கிற குட்டித் தீவுக்காக சீனாவோட மோதி, சோவியத் தரப்பில் 58 பேர் செத்தாங்க. நிறைய பேர் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த சின்னப் பசங்க. 1991-ல் போட்ட எல்லை ஒப்பந்தத்துல அந்தத் தீவு சீனா பக்கம் போயிடுச்சு. செத்தவங்களுக்கு என்ன பதில்?

இன்னொரு கூத்து. 1987-ல் மத்தியாஸ் ரஸ்ட்னு ஒரு 18 வயசு ஜெர்மன் பையன் ஹெல்சிங்கியிலிருந்து குட்டி விமானத்துல கிளம்பி, செஞ்சதுக்கம் பக்கத்துலயே வந்து இறங்கினான். அன்னிக்கு மே 28, எல்லைக்காவலர் தினம்!

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். வெளி எல்லையை மண்ணைச் சீவிச் சீவிக் காத்தாங்க. நாடு உடைஞ்சது அங்கே இல்லை. 1920, 30-கள்ல மாஸ்கோவின் ஆட்சியில குடியரசுகளுக்கு நடுவே போட்ட உள்கோடுகள்லதான் உடைஞ்சது. அதுக்கு வேலியும் இல்லை, காவலும் இல்லை. 1991 டிசம்பர்ல ஒரே ராத்திரியில அதெல்லாம் சர்வதேச எல்லை. ஃபெர்கானா பள்ளத்தாக்குல அப்பன் பாட்டன் காலத்துல இருந்து ஒரே வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சினவங்க அந்நியராயிட்டாங்க. 2021 ஏப்ரல்ல வாய்க்கால் தலைமதகு ஒண்ணுல தொடங்கின தகராறு கிர்கிஸ்தான்-தஜிகிஸ்தான் சண்டையாகி, 50 பேருக்கு மேல போயிட்டாங்க. 2022 செப்டம்பர்ல அதைவிட மோசம். எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாக 2025 மார்ச் ஆச்சு.

சொந்த ஜனங்க ஓடிடுவாங்கன்னு பயந்து நிக்கிற காவல், நாட்டுக்குக் காவல் இல்லீங்க, ஆட்சிக்குக் காவல். ஆட்சி போனதும் வேலியோட அர்த்தமும் போச்சு. அந்தக் காசுல, அந்த உழைப்புல கொஞ்சத்தை உள்ளூர்க் கோடுகளை அந்த ஊர்க்காரங்களையே உட்கார வெச்சுப் பேசித் தீர்க்கச் செலவு பண்ணியிருந்தா, அந்த வாய்க்கால் கரையில இத்தனை பேர் செத்திருக்க மாட்டாங்கன்னு நான் நினைக்கிறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?