பூட்டிய அறைகளும் புதுப்பிக்கப்படாத கணினிகளும்
கல்முனைக் கரையோரப் பாடசாலைகளை முன்வைத்து ஒரு கண்டனம்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வின்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அதுகாறும் இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் மறுநாள் பாடசாலை மணி வழமைபோல் அடித்தது. கணினித் திரைகள் வழமைபோல் ஒளிர்ந்தன. ஒன்றும் நிகழவில்லை. ஒன்றும் நிகழாமையினாலேயே இவ்விடயம் எவருடைய கவனத்தையும் ஈர்க்கவில்லை. கூரை இடிந்து விழுந்திருப்பின் அமைச்சர் வந்திருப்பார், படம் பிடித்திருப்பார்கள். கணினியின் காவல் நீங்கியமைக்கு யார் வருவார்?

பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புகளையும் அதில் இயங்கும் செய்நிரல்களையும் இணைத்து ஆளும் அடிப்படை மென்பொருளாகும். அதில் ஓட்டைகள் உண்டு. நாள்தோறும் புதியன கண்டுபிடிக்கப்படுகின்றன. ஆக்கியோர் அவற்றை அடைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். அடைப்பவர் விலகிக்கொண்டால் நேர்வது யாது என்பதை 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகம் கண்டது. 'வன்னாகிறை' என்ற தீநிரல், திருத்தம் வெளியாகி இரண்டு மாதங்களாகியும் அதனை நிறுவாதிருந்த கணினிகளுட் புகுந்து, பிரித்தானியப் பொதுச் சுகாதாரச் சேவையின் மருத்துவமனைகளையே நிலைகுலையச் செய்தது. திருத்தம் கையிலிருந்தும் நிறுவாதோர் நிலை அதுவெனின், இனித் திருத்தமே வாராத கணினிகளின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டியதில்லை. நமது பாடசாலைக் கணினிகளுக்கோ இணையம்கூட வேண்டியதில்லை. வினாத்தாள் அச்சடிக்கக் கடைக்குச் சென்று திரும்பும் ஒரு பேனா நினைவகம் போதும்.

இதற்குப் பரிகாரமாக எளிதிற் கூறப்படுவது, 'வின்டோஸ் 11க்கு மாறுங்கள்' என்பதாகும். மாறவியலாது என்பதே இங்குள்ள முடிச்சு. அப்புதிய முறைமை 4 கிகாபைற்று நினைவகத்தையும் 64 கிகாபைற்றுச் சேமிப்பிடத்தையும் மாத்திரம் கேட்டு அமைவதில்லை, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லையும், ஏறத்தாழ 2018ஆம் ஆண்டளவிலோ அதன் பின்னரோ வெளிவந்த முறைவழியாக்கியையும் கட்டாயமாக்குகின்றது. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினி, பழுதேதுமின்றி, ஒரு நிறுவனத்தின் நிபந்தனைப் பட்டியலினால் மட்டுமே 'பழையது' ஆகிவிடுகின்றது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்துக்கு இதில் வணிக நியாயம் இருக்கலாம். அந்நியாயத்தை நமது பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஏன் சுமக்கவேண்டும் என்பதே எமது வினா.

ஆயினும் சுமக்கத் துடிப்போர் நம்மிடையே உளர். 'புதிய கணினிகளைக் கேட்போம்' என்பது அவர்களுடைய ஒரே சுலோகம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் இக்கரையை விழுங்கிய பின்னர், உதவி என்பது பொருளாக வந்திறங்குவது என்ற எண்ணம் நம் சமூகத்தில் வேரூன்றிவிட்டது. பொருளுடன் ஒரு பெயர்ப்பலகையும் வரும், நாடா வெட்டப்படும், பொன்னாடை போர்த்தப்படும். மூன்றாம் ஆண்டில் அவ்வறையின் கதவு உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கும். திறப்பு அதிபரின் மேசை இழுப்பறையில் உறங்கும். கணினியைக் கொடுத்தவரின் பெயர் சலவைக்கல்லில் இருக்கிறது. அதனை ஆண்டுதோறும் பராமரிக்கவேண்டியவரின் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. 2022ஆம் ஆண்டு, கடதாசியும் மையும் இன்றி மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாடு இது. அந்நாட்டில், இயங்கும் கணினிகளைக் கழித்துவிட்டு அந்நியச் செலாவணியில் புதியன வாங்குக எனக் கூறுவதைப் பொறுப்புள்ள பேச்சாகக் கொள்ள முடியாது.

இவர்களுக்கு நேரெதிரே நிற்போர், 'இயங்குகிறதே, விட்டுவிடுங்கள்' என்பர். இவர்களிடம் ஒரு நியாயமேனும் உண்டு. தொட்டால் கெட்டுவிடும் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. யான் உயர்தரம் பயின்ற காலத்தில் இக்கரையோரப் பாடசாலையொன்றில் நிகழ்ந்ததை இங்கு கூறாதிருக்க முடியவில்லை. கணினிகள் தாமதமாகின்றன என்று கடைக்காரர் ஒருவர் அழைக்கப்பட்டார். அவர் உரிமமற்ற பிரதியொன்றைக் கொணர்ந்து, ஒரே பிற்பகலில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிச் சென்றார். மறுநாட் காலை, ஏறத்தாழப் பத்தாண்டு கால வினாத்தாள்களும் புள்ளிப் பதிவுகளும் இல்லை. பிரதி எடுத்துவைக்குமாறு ஒருவரும் ஒருவரிடமும் கூறியிருக்கவில்லை. எமது ஆசிரியை அன்று பாடம் நடத்தவில்லை; திரையைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தார். கடைக்காரரை யான் நோகேன். அவரிடம் ஒப்படைக்கப்பட்டது ஒரு 'திருத்த வேலை'. உண்மையில் அது ஒரு நிறுவனத்தின் ஞாபகத்தையே இடம் மாற்றும் வேலை என்பதை அவருக்குச் சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை.

நீதிக்காக ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு வின்டோஸ் 10இன் பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் மூன்றாண்டுகளுக்கு விலைக்குப் பெறும் வழியொன்று உண்டு: கணினி ஒன்றுக்கு முதலாம் ஆண்டு 1 டொலர், இரண்டாம் ஆண்டு 2 டொலர், மூன்றாம் ஆண்டு 4 டொலர். இது பெருந்தொகையன்று. இடைக்காலப் பாலமாக இதனைப் பயன்படுத்துவதை யாம் எதிர்க்கவில்லை. ஆனால் அதனைப் பெற முறையான உரிமம் இருத்தல் வேண்டும். எத்தனை கணினிகள் எங்குள்ளன என்ற கணக்கு இருத்தல் வேண்டும். உரிமமற்ற பிரதிகளில் ஓடும் கணினிகளுக்கு அப்பாலத்தில் இடமில்லை. அன்றியும், பாலம் 2028ஆம் ஆண்டு ஒக்டோபருடன் முடிந்துவிடும். அதன் மறுகரையில் என்ன இருக்கிறது என்பதை இப்போதே தீர்மானிக்காதவர்கள் மூன்றாண்டு கழித்து இதே இடத்தில் நின்று இதே வினாவைக் கேட்பர்.

மறுகரை எவ்வாறிருக்கும் என்பதைக் காண நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால், மலையாளத்தார் அதனை நடத்திக் காட்டியுள்ளனர். கேரள அரசு 2001ஆம் ஆண்டளவில் 'ஐ.ரி. அற் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியபோது அங்கும் வின்டோஸே முதலில் வந்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்ப்பெழுப்பினர். அப்பத்தாண்டின் பிற்பகுதிக்குள் பத்தாந் தரத்துக் கணினிப் பரீட்சை முழுவதும் லினக்ஸுக்கு மாறியது. அத்திட்டம் 2017இல் 'கைற்' என்னும் அரச நிறுவனமாயிற்று. உபுண்டு என்ற இலவச முறைமையைத் தம் பாடத்திட்டத்துக்கு ஏற்பத் திருத்தி, மலையாளத்தையும் சேர்த்து, 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைக் கணினிகளில் அவர்கள் நிறுவியுள்ளனர். புதிய பதிப்பு வரும்போது அதனையும் தாமே நிறுவுகின்றனர். இதனைச் சாதித்தது பணமன்று. பாடசாலை ஆசிரியர்களுள் ஆற்றலுடையோரைத் தெரிந்து, வகுப்பறைப் பொறுப்பிலிருந்து விடுவித்து, மாவட்டந்தோறும் பயிற்றுநர்களாக அமர்த்தினர். 2018 முதல் 'லிற்றில் கைற்ஸ்' என்ற மாணவர் கழகங்கள் அக்கணினிகளைக் கவனித்துக்கொள்கின்றன. கேரளத்தின் ஓராசிரியர் செய்வதை அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியிற் பயின்று வெளிவரும் ஓராசிரியர் செய்ய இயலாதென எவரேனும் கூறுவராயின், அவர் நம் ஆசிரியர்களை அறியாதவர்.

மாற்றம் எப்போதும் வெல்லும் என்று யாம் கூறவில்லை. ஜேர்மனியின் மியூனிக் மாநகரசபை ஏறத்தாழப் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றுவதற்குப் பத்தாண்டு உழைத்து 2013இல் முடித்தது. 2017இல் மீண்டும் வின்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அரசியல் விருப்பு மாறினால் வேலை எவ்வளவு நன்றாயினும் நிலைக்காது.

'லினக்ஸ் படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?' என்ற வினா பெற்றோரிடமிருந்து தவறாமல் எழும். அதனை யாம் ஏளனஞ் செய்யோம். பிள்ளையை வளைகுடாவுக்கு அனுப்பிக் குடும்பத்தை நிமிர்த்திய ஊர்கள் இவை. ஆயினும் இன்று பத்தாந் தரத்தில் இருக்கும் மாணவி வேலைக்குச் செல்லும் வேளையில் இன்றைய வின்டோஸ் இராது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014இலும், ஏழாம் பதிப்புக்கானது 2020இலும், பத்தாம் பதிப்புக்கானது 2025இலும் முடிந்தன. எந்தப் பொத்தான் எவ்விடத்தில் என்று மனனஞ் செய்வித்த கல்வி மூன்று முறை காலாவதியாகிவிட்டது. கோப்பு யாது, அட்டவணை எவ்வாறு கணிக்கிறது, தரவு எங்கே தங்குகிறது என்று விளங்கியவளுக்கு எந்தத் திரையும் அந்நியமாகாது. பூட்டிய அறைக்கு வெளியே நின்றவளுக்கு எல்லாத் திரையும் அந்நியமே.

இனி, யாம் யாருடைய பக்கம் நிற்கிறோமோ அவர்களையும் சற்றுக் கடிந்துகொள்ளவேண்டியுள்ளது. கட்டற்ற மென்பொருளின் ஆர்வலர்கள் இறுவட்டொன்றைக் கையிற்கொடுத்து, 'சுதந்திரம் பெற்றீர்' என்று கூறிச் சென்றுவிடுகின்றனர். நமது பாடசாலை அலுவலகங்கள் எதில் எழுதப்பட்டுள்ளன என்பதை அவர்கள் கேட்பதில்லை. பாமினியில் எழுதப்பட்டுள்ளன, ஐயா! ஈழத்துத் தமிழ்க் கணினி உலகில் பல்லாண்டுகளாக வினாத்தாள், சுற்றறிக்கை, கல்யாண அழைப்பிதழ், சனாசா அறிவித்தல் யாவும் பாமினி எழுத்துருவிலேயே பிறந்தன. பாமினியில் தட்டச்சிட்ட 'அம்மா' கணினியின் உள்ளத்தில் அம்மா அன்று. நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் கோப்பைத் திறந்தால் திரையெங்கும் பொருளற்ற ஆங்கிலக் குவியல் தோன்றும். அதனைக் காணும் ஆசிரியர் 'லினக்ஸ் தமிழை அழித்துவிட்டது' என்பார். அன்றோடு திட்டம் முடிந்தது. பாமினியை லினக்ஸிலும் நிறுவலாம். பழைய கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகளும் உண்டு. பழகிய கைக்கும் தடையில்லை: தட்டச்சுப்பொறி வழிவந்த றெங்கநாதன் விசைப்பலகையை எஸ்.எல்.எஸ். 1326:2008 என்ற தரநிலை ஏற்றுள்ளது. அது லினக்ஸ் முறைமைகளிலும் கிடைக்கின்றது. ஆனால் இவையனைத்தும் முதல்நாளே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஆசிரியர் அச்சமுற்ற பின்னர் விளக்கங் கூறிப் பயனில்லை.

கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன அக்கறை எனக் கேட்போருக்கும் இதுவே விடை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னைக் கலைச்சொல்லாக்க முயற்சியில் உழைத்தது, விஞ்ஞானம் தமிழில் நடக்கவேண்டும் என்பதற்காக. அப்பாடத்தை நாம் தமிழிற் படிக்கிறோம். திரை மட்டும் ஆங்கிலத்தில் நிற்கிறது. தமிழ் இடைமுகம் வின்டோஸுக்கும் உண்டு, லினக்ஸுக்கும் உண்டு. அதனை நிறுவிக்கொடுப்பார்தாம் இல்லை. மொழிபெயர்ப்புப் பிழைபட்டிருப்பின், லினக்ஸில் நாமே திருத்தலாம், மற்றதில் முறையிடலாம்.

கட்டற்ற மென்பொருள் இக்கரைக்குப் புறத்தேயிருந்து வந்த புதுமையுமன்று. சுனாமி அழிவின்பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கை இளைஞர்கள் சில வாரங்களுக்குள் ஆக்கிய 'சஹானா' என்ற மென்பொருள் எவரும் எடுத்தாளத்தக்கதாக வெளியிடப்பட்டது. அதற்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதும் கிடைத்தது. நாட்டில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. நமது துயரத்திலிருந்து பிறந்ததை உலகம் எடுத்துக்கொண்டது. நமது வகுப்பறைகள் அதன் பெயரையும் அறியா.

எனவே மாகாணக் கல்வித் திணைக்களத்தையும் வலயக் கல்வி அலுவலகங்களையும் நோக்கிக் கூறுகிறோம்: இதனைத் தனித்தனி அதிபரின் தலையில் இடாதீர். முதலில் கணக்கெடுங்கள், ஒவ்வொரு கணினியும் எந்த ஆண்டினது, எவ்வளவு நினைவகம், எந்த அச்சுப்பொறியுடன் இணைந்தது என்பன ஒரு தாளில் வரட்டும். வின்டோஸ் 11ஐத் தாங்கக்கூடியவை அதற்கே செல்லட்டும்; அதில் எமக்கு வீம்பில்லை. தாங்காதவற்றுக்கு ஒரே மாதிரியான லினக்ஸ் பிரதியொன்றை வலயத்தின் கணினி வள நிலையத்தில் ஆக்குங்கள். ஒரு பாடசாலையில் ஒரு தவணை ஓட்டிப் பாருங்கள். அச்சுப்பொறி அடம்பிடிக்கும், அது அங்கேயே தெரியவரட்டும். கோப்புகளை இரண்டு இடங்களிற் பிரதியெடுத்து, அப்பிரதிகள் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே எதனையும் அழியுங்கள். கொழும்பிலிருந்து வரும் கால அட்டவணை ஓகஸ்ட் விடுமுறையைக் குறிக்கக்கூடும். நமது முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை நோன்பு மாதத்தில் வருகின்றது. சஹருக்குப் பின் ளுஹருக்கு முன் வேலை செய்தால், ஒரு பாடசாலையின் இருபது கணினிகளை ஒரே பிரதியிலிருந்து இரண்டு காலைகளில் நிறுவிவிடலாம்.

கைகள் போதாவெனின் ஒலுவிலில் நாம் இருக்கிறோம். எமது பல்கலைக்கழகம் 1995இல் இக்கரையில் தோன்றியது இக்கரையின் பிள்ளைகளுக்காகவே. தத்தம் ஊர்ப் பாடசாலைக்கு ஒரு காலைப் பொழுதைக் கொடுக்க மறுக்கும் மாணவர் இங்கு அதிகம் இரார். வலயம் பட்டியலைத் தரட்டும். அடுத்த நோன்பு விடுமுறைக்கு முன் எந்த ஊரில் யார் என்று எழுதித் தருகிறோம்.